மீன் எஞ்சின்

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி அக்குறணைக்குப் போகும் பாதையில், ஒரு பேக்கரிக்கும் டயர் கடைக்கும் நடுவே நெருக்கிப்பிடித்து நிற்கும் கடை இராஜேஸ்வரியுடையது. எரிந்துபோன மோட்டரைப் பிரித்து, உள்ளே கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். ‘மோட்டர் கட்டுறது’ என்பார்கள். தண்ணீர்ப் பம்ப், மாவரைக்கும் மில், மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து உருட்டும் ரோலர் என்று எது புகைந்தாலும் ஒரு நாள் அவள் மேசைக்கு வந்து சேரும்.

அடக்கம் என்ற சாமான் அவளிடம் கிடையாது. வேலை நன்றாக அமைந்தால், வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, “எப்படி இருக்கு பாத்தீங்களா?” என்று அவளே கேட்டுவிடுவாள். தான் கட்டிய மோட்டர் திரும்பி வராது என்பது அவள் தினமும் சொல்லும் பேச்சு. கண்டி மாநகரசபையில் கிளார்க்காக இருக்கும் அவள் கணவர் சேதுராமனுக்கு இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் உறவுக்காரர் வீட்டுக் கலியாணங்களில் மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் அவரும் சொல்வார்.

போன வருடம் ஒரு பின்னேரம் அக்குறணை இப்திகார் கடைக்கு வந்தார். ஹாட்வெயார் கடைக்காரர், நாற்பது வயது, ரயில் பைத்தியம். பழைய எஞ்சின் ஒன்றைக் காப்பாற்றவென்று சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சங்கத்தில் அவரும் ஒருவர்.

“அக்கா, ஒரு மோட்டர் ஈக்குது. கொஞ்சம் பெரிசு.”

“எவ்ளோ பெருசு?”

“ஒங்கட கடைக்குள்ள வராது.”

இராஜேஸ்வரி அப்படியே கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாள்.

பேராதனைப் பக்கம், பாவனையில் இல்லாத ஒரு கிளைத் தண்டவாளத்தில் அந்த எஞ்சின் நின்றது. எதற்கோ தேவைப்படும் என்று கொழும்பிலிருந்து கொண்டுவந்து நிறுத்தி, பிறகு எல்லோரும் மறந்துபோன எஞ்சின். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, பாசியேறிய கூரை, சக்கரத்தைச் சுற்றி மூக்குத்திப் பூண்டு. அதன் அருகே தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற சுதேஷ். சிங்களவர். தமிழ் ஓட்டுநர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றவர். அவளைப் பார்த்ததும் ‘நங்கி’ என்று கூப்பிட்டார். தங்கச்சி என்று அர்த்தம். அவள் அவரை ‘சேர்’ என்றாள். கடைசிவரைக்கும் அதே முறைதான்.

சுதேஷ் எஞ்சினின் கதையைச் சொன்னார். கடுகண்ணாவை ஏற்றத்தில் நிலக்கரி எஞ்சின்கள் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக மூச்சுவாங்கிக்கொண்டு ஏறிய காலத்தில், ஐம்பதுகளின் ஆரம்பத்தில், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வகை இது. இருபதுக்கும் மேலே வந்தன. வாயால் டீசல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் டீசல் மேலே எரிந்து கரண்டை மட்டும்தான் உண்டாக்குகிறது. சக்கரத்தைச் சுற்றுவது அச்சோடு சேர்த்துக் கட்டிய மின் மோட்டர்கள். நாட்டின் பெரிய ரயில்களை முதன்முதலாக மின்சாரத்தின் பலத்தால் இழுத்த பரம்பரை. அந்தப் பரம்பரையில் முக்கால்வாசியும் பழைய இரும்பாக உருகிப்போனது. மிஞ்சிய ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று.

இராஜேஸ்வரி குனிந்து சக்கரத்துக்கு நடுவே பார்த்தாள். இரும்புக் கூட்டுக்குள் மோட்டர் இருந்தது.

“அப்ப இது டீசல் எஞ்சின் இல்லியே சேர். இழுக்கிறது மோட்டருதானே. இது நம்ம ஆளு.”

சங்கத்துக்கு வந்திருந்த நெருக்கடியையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார். அந்தத் தண்டவாளத்துக்குப் பொறுப்பான மேலிடத்தில், ஓடாத எஞ்சினை எதற்கு வைத்துப் பராமரிப்பது என்று கேட்கிறார்கள். தண்டவாளத்தின் கண்டிப் பக்கத்து முனையில் ஒரு சீமெந்துப் படுக்கை போட்டாயிற்று. எஞ்சினை அதன்மேல் ஏற்றி, சக்கரத்தை வெல்டிங் பண்ணி, சிலையாக நிறுத்திவிடத் திட்டம். அதிகாரி ஒருவர் பார்வையிட வருவார். அவர் வரும் அன்றைக்கு அது தன் சொந்தப் பலத்தில் நகர்ந்தால் பிழைக்கும். நகராவிட்டால் சிலைதான். மேலே உள்ள டீசலைத் தானே சரிப்படுத்திவிட்டதாகவும், கீழே மோட்டர்தான் தன்னால் முடியாத வேலை என்றும் சுதேஷ் சொன்னார்.

இராஜேஸ்வரி ஓடவைக்கிறேன் என்றாள். முடியுமா என்று யோசித்துப் பார்ப்பது அவள் வழக்கத்தில் பின்னால் வருகிற வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேதுராமனையும் கூட்டிக்கொண்டு போனாள். எஞ்சினின் பக்கவாட்டில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. சிங்களம் மேலே, தமிழ் நடுவே, ஆங்கிலம் கீழே. இந்த நாட்டில் தமிழர்கள் பொதுப் பலகை ஒன்றைக் கண்டால் முதலில் பிழை தேடுவார்கள், பெரும்பாலும் ஏமாந்துபோவதில்லை. சேதுராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

“இலங்கையின் ஆரம்பகால டீசல் மீன் எஞ்சின்.”

ஒரு சுழிதான் கூடிப்போயிருந்தது. ‘மின்’ மீனாகிவிட்டது. கிலோ என்ன விலையாம் என்று கேட்டுச் சேதுராமன் சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. இப்திகாரும் வாயைப் பொத்திக்கொண்டார். இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. யார் எழுதியது என்று கேட்டாள்.

சுதேஷ்தான் எழுதியிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தமிழை விட்டுவிட்டுப் பலகை வைக்க மனம் ஒப்பாமல், கம்பியூட்டரில் எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தூரிகையால் வரைந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்துபோயிற்று. தின்னர் போத்தலையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு அப்போதே அழிக்கப் போனார். இராஜேஸ்வரி வழியை மறித்தாள்.

“அழிக்காதீங்க சேர். தன் கரண்டுல ஓடுனாத்தான் இது மின் எஞ்சின். ஓடலன்னா மீனாவே கெடக்கட்டும். ஓடுற அன்னிக்கு நானே வந்து அந்தச் சுழியச் சுரண்டி எடுக்கிறேன்.”

வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் இப்திகாரின் காதில் விழுந்தது அக்குறணைக்குப் போய், அங்கிருந்து மடவளை பஸ்ஸில் ஏறிக் கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்குத் திரும்பி வந்துவிட்டது. வெங்காயம் வாங்கப் போனால், “மீன் எப்படி இருக்கு அக்கா, உசிரோடயா?” என்று கேட்டார்கள். எஞ்சின் ஓடாமல் போனால் இரும்பு மட்டும் சிலையாகாது, தன் பெயரும் அதோடு சேர்த்து வெல்டிங் ஆகிவிடும் என்று அவளுக்கு விளங்கியது. அதன்பிறகு சந்தைக்குச் சேதுராமனை அனுப்பினாள்.

மோட்டர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான்கு மோட்டரில் இரண்டு பிழைக்காது. உள்ளே எலி குட்டி போட்டு, கம்பியெல்லாம் பொடிந்துபோயிருந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டையும் காப்பாற்றினால், இந்தச் சமதரையில் எஞ்சின் நகரும் என்று சுதேஷ் கணக்குப் பார்த்துச் சொன்னார். இரண்டிலும் கருகியிருந்த சுருள்களை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கட்டினாள். செம்புத் தகடுகளுக்கு இடையே இறுகிக் கிடந்த கரியை, உடைந்த ஹெக்சோ பிளேடால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினாள். கை பழகிய வேலை, அதில் அவளுக்குப் பயமில்லை. பயம் ஈரத்தில்தான். மலைநாட்டு மழையை வருடக்கணக்காகக் குடித்த மோட்டர் அது. ஈரம் போகாமல் கரண்ட் கொடுத்தால் நின்ற இடத்திலேயே வெடிக்கும். காயவைப்பதற்கு அவள் கடையில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு தண்ணீர்ப் பம்ப் போகும். மோட்டருக்குள் சுழலும் இந்த உருளையோ சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கவேண்டியது.

இத்தனை பெரிய சாமானுக்கு ஆறாத சூட்டுக் காற்று எங்கே கிடைக்கும்? ஒரு காலை தேநீர் ஊற்றும்போது, இலைத் தூளைக் கரண்டியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சேதுராமனுக்கு அன்று தேநீர் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்பார்கள். மடுல்கெல்லையில் அவள் பிறந்த தோட்டத்தின் ஸ்டோரில், தேயிலை காயவைக்கும் டிரையர் இருக்கிறது. விறகு அடுப்பின் சூட்டுக் காற்று, கூடவும் விடாமல் குறையவும் விடாமல் மணிக்கணக்காக வரும். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் டீமேக்கர் கஜேந்திரன். விஷயத்தைக் கேட்டதும் அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தாலே போதும், மோட்டர் வாணிஷ் வாடை பிடித்த தூளை ஏலத்தில் மோந்து பார்ப்பவன் என்ன சொல்வான் என்று கேட்டார். அவர் சொன்னது முழுக்க நியாயம். இராஜேஸ்வரிக்கும் அது தெரியும்.

“வாணிஷ் பூசறது ஏங் கடையிலங்க. இங்க தண்ணி மட்டுந்தான் வெளிய போவும். ஞாயித்துக்கெழம ஸ்டோர் சும்மாதானே இருக்கு. தண்ணிக்கு என்னங்க வாட?”

கஜேந்திரன் யோசித்தார். டிரையரிலிருந்து தனியாக ஒரு குழாய் இழுத்து, வெளித் தாழ்வாரத்தில் தகரத்தால் மறைத்து அங்கே வைப்பதென்றால் சரி என்றார். அதோடு, உருளைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் புதுத் தூள் வைப்பாராம். காய்ந்து முடிந்தபின் அந்தத் தூளில் தேநீர் போட்டுக் குடித்துப் பார்ப்பாராம். துளி வாடை இருந்தாலும் அடுத்த உருளை வாசலுக்குள் வராது.

லொறியில் உருளை வந்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து சனம் கூடிவிட்டது. நம்ம ராஜி ரயில் மோட்டரைக் கொண்டுவந்திருக்கிறாளாம் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். அவளுடைய அம்மா இருபத்தெட்டு வருடம் அந்த ஸ்டோருக்குக் கொழுந்து பறித்தவர், நிறுவை மேசையைத் தாண்டி உள்ளே போனதில்லை. மகள் பெரிய வாசலைத் திறக்கச் சொல்லி லொறியோடு உள்ளே, தாழ்வாரம்வரை போனாள். நெஞ்சு நிமிர்ந்துதான் போனாள், அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் கஜேந்திரன் அந்தத் தூளில் தேநீர் போட்டு, உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்பினார். பிறகு இன்னொரு கோப்பை ஊற்றி இராஜேஸ்வரியிடம் நீட்டினார். அதுதான் அனுமதி. அடுத்த ஞாயிறு இரண்டாவது உருளையும் வந்தது. தூளில் மோட்டர் வாடை ஏறவில்லை, மோட்டரில்தான் தேயிலை வாடை ஏறியிருந்தது. இறக்கும்போது இப்திகார் குனிந்து மோந்துவிட்டு, “இதுக்குப் பால் ஊத்தினாக் குடிக்கேலும் அக்கா” என்றார். மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போன எஞ்சினுக்கு அது பொருத்தமான வாடை என்று அவள் நினைத்தாள்.

வாணிஷ் பூசி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும் நாள் வந்தது. கம்பிகளில் இருந்த பழைய அடையாளத் துண்டுகள் உக்கிப் போயிருந்தன. எந்தக் கம்பியை எங்கே மாட்டினால் எஞ்சின் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரியவேண்டியது ஒன்றுதான்: இதற்கு முன்பக்கம் எது? இரண்டு முனையும் ஒரே மாதிரி. சுதேஷ் அன்று கொழும்புக்குப் போயிருந்தார். கேட்டுப் பார்ப்போமா என்று இப்திகார் ஃபோனை எடுத்தார்.

“இதுல கேக்க என்ன இருக்கு? கண்டியப் பாக்கிற பக்கந்தான் முன்னு.”

கண்டிக்காரிக்கு வேறெப்படித் தோன்றும்? கொழும்பிலிருந்து வரும் பதுளை ரயில், கண்டிக்குள் தலையால் நுழைந்து வாலால் வெளியேறும் என்பதும், இங்கே முன் எது பின் எது என்று ரயிலே குழம்பும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கண்டி இருக்கும் பக்கம் பின்பக்கமாக இருக்கக்கூடும் என்று அவள் புத்தி ஒரு நிமிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே மாட்டிவிட்டாள்.

நகர்த்திப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கிடையாது. மேலே டீசலை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே அதிகாரி வந்த அன்றுதான் முதல் ஓட்டமும்.

அன்று பாதி மடவளையும் பாதி அக்குறணையும் வந்திருந்தன. மடுல்கெல்லையிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்களோடு கஜேந்திரன் வந்தார். ‘மீன்’ பலகை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டிருந்தது. சீமெந்துப் படுக்கைக்குப் பக்கத்தில் வெல்டிங்காரர்கள் ஆயத்தமாக நின்றார்கள். ஓட்டுவதற்கு வந்தவர் ராஜலிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஓட்டுநர். அவர் கண்டிப் பக்கத்து அறையில் ஏறினார். படுக்கையின் விளிம்புவரை முன்னால் போய் நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு.

டீசல் உறுமியது. கறுப்புப் புகை மரங்களுக்கு மேலே போனது. ராஜலிங்கம் கைப்பிடியை முன்னே தள்ளினார். இராஜேஸ்வரி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனகல் கேட்டது. சக்கரம் அசைந்தது. எஞ்சின் நகர்ந்தது.

பின்பக்கமாக நகர்ந்தது.

கூட்டம் கை தட்டி, தட்டிய கையோடு ஓய்ந்துபோனது. சீமெந்துப் படுக்கையை விட்டு விலகிப் பேராதனைப் பக்கமாக எஞ்சின் சாவகாசமாகப் போனது. படுக்கையில் ஏறிப் படுக்க அதற்கே விருப்பமில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ராஜலிங்கம் பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டு ஜன்னலால் தலையை நீட்டினார்.

“நான் முன்னுக்குத்தான் போட்டனான்.”

அதிகாரி நல்ல மனிதர், ஆனால் பொறுப்பான மனிதர். ஓட்டுநர் ஒரு பக்கம் தள்ள இன்னொரு பக்கம் போகிற எஞ்சினை, பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் எப்படி விட்டுவைப்பது என்று சுதேஷிடம் சிங்களத்தில் கேட்டார். சுதேஷ் பதில் தேடினார். பழைய எஞ்சின், பழைய சுவிட்ச், ஈரம் என்று என்னென்னவோ சொல்லத் தொடங்கினார். அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று இராஜேஸ்வரிக்குப் புரிந்தது. அப்படியே விட்டால் அவள் பெயர் தப்பும், எஞ்சின் தப்பாது. காரணம் தெரியாத கோளாறு என்றால் சக்கரத்துக்கு வெல்டிங்தான்.

அவள் கூட்டத்துக்கு நடுவால் முன்னே வந்தாள். கட்டுகஸ்தோட்டைச் சந்தையும் மடுல்கெல்ல லயமும் பார்த்துக்கொண்டிருந்தன.

“சுவிட்சுல ஒரு கொறையும் இல்ல சேர். நாந்தான் மாத்திக் கட்டிட்டேன். சுவிட்சுக்குப் பேராதனப் பக்கந்தான் முன்னு. அதக் கேக்காம கண்டிய முன்னுன்னு வெச்சுக் கட்டிட்டேன், அதான் தலகீழாப் போவுது. ஒரு டீ குடிக்கிற நேரம் குடுக்கச் சொல்லுங்க.”

தான் கட்டியதில் பிழை என்று அவள் வாயால் சொல்லிச் சேதுராமன் அதுவரை கேட்டதில்லை. சுதேஷ் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இராஜேஸ்வரியைப் பார்த்தார், தலையை அசைத்தார். கஜேந்திரன் உண்மையாகவே பிளாஸ்கைத் திறந்து அவருக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

டீசலை நிறுத்தினார்கள். இராஜேஸ்வரி சேலையைச் சொருகிக்கொண்டு எஞ்சினின் அடியில் புகுந்தாள். ஒரு மோட்டரில் இரண்டு கம்பி, மற்ற மோட்டரில் இரண்டு கம்பி, இடம் மாறவேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினாள். ஆணிகளை இறுக்கி, இன்னொரு முறை இறுக்கி, எண்ணெய்க் கறையோடு வெளியே வந்து ராஜலிங்கத்துக்குக் கையைக் காட்டினாள்.

இந்த முறை முனகல்கூடக் கேட்கவில்லை. கண்டியைப் பார்த்தபடி எஞ்சின் வந்தது. அத்தனை பேரையும் கடந்து, நேராக வந்து, சீமெந்துப் படுக்கையின் விளிம்புக்கு முன்னால் ராஜலிங்கம் நிறுத்திய இடத்தில் நின்றது. திரும்பப் போகச் சொன்னார், போனது. வரச் சொன்னார், வந்தது. அதிகாரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெல்டிங்காரர்களைப் பார்த்து வீட்டுக்குப் போகலாம் என்று சைகை காட்டினார். கூட்டம் இப்போது தட்டிய கையை நிறுத்தவில்லை. கடைசியாக யாருடைய கை ஓய்ந்தது என்றால் சேதுராமனுடையது.

பலகையை நினைவுபடுத்தியவர் இப்திகார்தான். ஏணியையும் அவரே எடுத்துவந்தார். இராஜேஸ்வரி ஏறினாள். மோட்டரில் கரி சுரண்டிய அதே உடைந்த பிளேடு பையில் இருந்தது. அதன் நுனியால் அந்தச் சுழியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்து எழுத்தில் படாமல், சுரண்டி எடுத்தாள். வெள்ளைத் தூள் அவள் முழங்கையில் விழுந்தது.

ஏணிக்குக் கீழே சுதேஷ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். இத்தனை மாதமும் அந்தப் பிழை அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ரகசியமாகப் பேத்தியின் பாடப் புத்தகத்தை வாங்கி எழுத்துப் படித்திருக்கிறார். இப்போது விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“டீ… சல்… மின்… எஞ்… சின். சரியா நங்கி?”

“சரி சேர்.” அவள் இறங்கினாள். “நீங்க ஒரு சுழி கூடப் போட்டீங்க, நா கம்பிய மாத்திப் போட்டேன். ரெண்டு பேருமே திருத்திட்டோம்.”

அந்தச் சீமெந்துப் படுக்கை இன்றும் அங்கே வெறுமையாகத்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் உட்கார்ந்துதான் வந்தவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். பலகை திருந்தினாலும் சனத்தின் வாய் திருந்தவில்லை, அக்குறணையிலிருந்து மடுல்கெல்ல வரைக்கும் அதற்கு மீன் எஞ்சின் என்றுதான் பெயர். இராஜேஸ்வரி கோபிப்பதில்லை. கடைக்கு வந்து பம்பை இறக்கிவைக்கும் புது ஆள் யாராவது, மீன் எஞ்சினுக்கு மோட்டர் கட்டியது நீங்களா என்று கேட்டால், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்கிறாள்.

“ஆமா, நாந்தான். ரெண்டு தடவ கட்டுனேன். இப்ப சொல்லுங்க, ஒங்க பம்பு எந்தப் பக்கம் சுத்தணும்?”